கண்டனத்தில் பிறந்த வரைபடம்

நம் தோலுக்கும் எலும்புக்கும் உறுதியளிக்கும் புரதத்திற்குக் கொல்லாஜன் என்று பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியராக ஜி. என். ராமச்சந்திரன் 1952-ஆம் ஆண்டில் பொறுப்பேற்றபோது, அதன் உள்ளமைப்பைத் தெளிவாக அறிந்தவர் உலகில் எவருமிலர். கங்காருவின் வால் தசைநாரினூடே எக்ஸ்-கதிர்களைச் செலுத்திப் படமெடுத்து, அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் ஒரு விடையை வெளியிட்டனர். மறு ஆண்டில் அதனைத் திருத்தமும் செய்தனர். மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறுபோல் முறுக்கிக் கொண்டிருக்கின்றன என்பதே அவ்விடை.

அவ்வாண்டு முடிவதற்குள் கேம்பிரிட்ஜிலிருந்து மறுப்பு எழுந்தது. அலெக்ஸாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் முப்புரியை ஏற்றனர். ஆயினும், சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவு நெருங்கிவிட்டன என்றும், மும்மூன்று கண்ணிகளுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டன்று, ஒன்றே என்றும் வாதிட்டனர். பிணைப்பைப் பற்றிய அவர்கள் கூற்றே பின்னர் நிலைத்தது. அதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

இவ்வரலாற்றில் நான் பெரிதும் மதிப்பது அடுத்து நிகழ்ந்ததையே. வெறும் மறுமொழி எழுதிப் பொழுது போக்காமல், 'அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்?' என்று ராமச்சந்திரன் வினவினார். சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் துணை நின்றனர். அதுவரை அளந்தறியப்பட்ட படிகங்களிலெல்லாம் அணுக்களுக்கு இடையேயுள்ள தூரங்களைத் திரட்டி, எல்லை வகுத்தனர்.

புரதச் சங்கிலியின் முதுகெலும்பில், கண்ணிக்கு இரண்டு பிணைப்புகளே தாராளமாகத் திரும்ப வல்லவை. அவ்விரு திருப்பங்களின் கோணங்களை இன்று ஃபை, சை என்கிறோம். ஒன்றைக் குறுக்கிலும் மற்றொன்றை நெடுக்கிலும் வைத்து, எந்தெந்த இணையில் அணுக்கள் மோதுகின்றன என்று மேசைக் கணக்குப் பொறியின் உதவியால் பார்த்தனர். எத்துணைப் பொறுமை வேண்டியிருந்திருக்கும்! கட்டத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலமாயிற்று. சில தீவுகளே எஞ்சின. லைனஸ் பாலிங் குழுவினர் 1951-இல் கூறிய ஆல்ஃபா சுருளும் பீட்டா தகடும் அத்தீவுகளிலேயே அமைந்தன. பக்கக் கிளையாக ஒற்றை ஹைட்ரஜன் அணுவையே உடைய கிளைசினுக்கு மட்டும் நடமாட இடம் அதிகம். 1963-இல் இவ்வரைபடம் வெளியாயிற்று.

1971-இல் புரதத் தகவல் வங்கி தோன்றியது. இன்று அங்கு ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு புரத அமைப்பையும் கணிப்பொறி இவ்வரைபடத்தில் இட்டுச் சோதிக்கிறது. ஒரு கண்ணி விலக்கிய நிலத்தில் விழுந்தால், அமைத்தவரின் பிழையோ என்ற ஐயமே முதலில் எழும். அரிதாக, அது உண்மையாகவே அங்கிருப்பதும் உண்டு.