பழைய காரை காப்பாற்றும் 2 முள்! ஆயில் மீட்டர், ஹீட் மீட்டர் பொருத்துவது எப்படி?

செஞ்சி:
செஞ்சி கோட்டை, தளவானூர் பல்லவர் குடவரை என்று சுற்றிப்பார்க்க பழைய அம்பாசிடரில் கிளம்புபவர்களுக்கு கோடை வெயில்தான் பெரிய சோதனை. அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. பிரிமியர் பத்மினி அதற்கு முன்பே நின்றுபோனது. என்ஜின் போனால் வண்டியை நம்பி இருப்பவர் பிழைப்பும் போச்சு.

"ஆயில் லைட் எரியலையே, அப்புறம் என்ன பயம்?" என்று சில டிரைவர்கள் நினைப்பது உண்டு. அங்கேதான் ஆபத்து!

லைட் சொல்லாதது

பல கார்களில் ஆயில் அழுத்தம் சுமார் 5 பவுண்டுக்கு இறங்கிய பிறகே சிவப்பு லைட் எரியும். வேகமாக ஓடும்போது அதற்குள் கிராங்க் பேரிங் தேய்ந்து என்ஜின் ஜாம் ஆகிவிடலாம். 40 பவுண்டு காட்டிய முள் 20-க்கு இறங்குவதை மீட்டர் முன்கூட்டியே காட்டிவிடும்.

பொருத்தும் முறை

ஆயில் லைட் சுவிட்ச் உள்ள இடத்தில் 'டி' ஜாயின்ட் போட வேண்டும். ஒரு பக்கம் பழைய சுவிட்ச், மறுபக்கம் மீட்டர். லைட்டை கழற்றி எறியக்கூடாது. இரண்டும் இருப்பதே நல்லது.

ஆயிலே டியூப் வழியாக மீட்டருக்கு வரும் வகை என்றால், டியூப் சைலன்சர் பக்கம் போகக்கூடாது. தகரத்தை துளைத்து உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வாஷர் கட்டாயம். டியூப் அறுந்தால் கொதிக்கும் ஆயில் டிரைவர் காலில் கொட்டும்.

ஒயர் வகை என்றால் பியூஸ் போட்டே கரண்ட் எடுக்க வேண்டும். சென்சார் மரையில் டேப்பை அளவுக்கு மீறி சுற்றினால் எர்த் கிடைக்காமல் முள் பொய் சொல்லும்.

ஹீட் மீட்டரின் சென்சாரை என்ஜின் ஹெட்டில் தண்ணீர் ஓடும் இடத்தில் மாட்ட வேண்டும். என்ஜின் ஆறிய பிறகே இதை செய்ய வேண்டும். சில மீட்டர்களில் மெல்லிய குழாய் சேர்ந்தே வரும். நீளமாக இருக்கிறதே என்று அதை வெட்டினால் மீட்டர் வீண். சுருட்டித்தான் கட்ட வேண்டும்.

எவ்வளவு காட்ட வேண்டும்?

சூடான என்ஜினில் 1,000 சுற்றுக்கு 10 பவுண்டு என்பது பொதுக்கணக்கு. வெப்பம் 80 முதல் 90 டிகிரி வரை இருந்தால் கவலை இல்லை. 100-ஐ நெருங்கினால் வண்டியை ஓரம் கட்ட வேண்டும்.

ஸ்டார்ட் செய்த சில வினாடிகளில் ஆயில் முள் ஏறாவிட்டால் உடனே என்ஜினை அணைத்துவிட வேண்டும்.

ஏமாற்றும் முள்

ரேடியேட்டர் தண்ணீர் முழுவதும் ஒழுகிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் திடீரென்று கீழே இறங்கலாம். "ஹீட் குறைஞ்சிடுச்சு" என்று சந்தோஷப்பட்டு ஓட்டினால் என்ஜின் காலி! முள் ஏறினாலும், காரணம் இல்லாமல் இறங்கினாலும் வண்டியை நிறுத்தி பார்ப்பதே புத்திசாலித்தனம். சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.