‘லெஜன்ட்’: பதினாலு பாட்டுக்குள் ஒரு பொப் மார்லி

முதலிலேயே ஒண்டை ஒத்துக்கொள்ளுறம். பொப் மார்லியின் அல்பங்களை முழுசாகக் கேட்பதை விட, அவருடைய ஹிட் பாட்டுகளின் தொகுப்பான ‘லெஜன்ட்’டைக் கேட்கத்தான் எங்களுக்குப் பிடிக்கும். அசைன்மென்ட் எழுதுகிற இரவுகளில் எங்கட அறையில் ஓடுறது அதுதான். ஒரு பாட்டைக்கூடத் தள்ளிவிட வேண்டி வராது.

“ஹிட்ஸ் மட்டும் கேட்கிறவன் ரசிகன் இல்லை மச்சான்” என்று நண்பன் ஒருவன் சொன்னான். கொஞ்சம் சுட்டுவிட்டது. அதனால இந்த லீவுக்கு அவருடைய அல்பங்களை ஆண்டு வரிசையில் கேட்டுப் பார்த்தோம். நண்பன் சொன்னது பாதிதான் சரி என்று இப்ப நினைக்கிறோம். அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பொப் மார்லி 1981 மே 11இல், 36 வயதில், புற்றுநோயால் இறந்தார். மூன்று வருடம் கழித்து, 1984 மே மாதத்தில், ஐலண்ட் ரெக்கோர்ட்ஸ் ‘லெஜன்ட்’டை வெளியிட்டது. மொத்தம் 14 பாட்டு. இதுவரை உலகம் முழுக்க 2.5 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. ரெகே இசையில் இதைவிட அதிகமாக விற்ற அல்பம் இல்லை. எங்கட ஊர் ஓட்டோக்களின் பின்பக்கத்தில் ஸ்டிக்கராக இருக்கிற மார்லியை, கனபேர் இந்த 14 பாட்டுகளுக்குள்ளால்தான் அறிந்திருப்பார்கள்.

ஒரு கொப்பியில் 14 பாட்டையும் எழுதி, எது எந்த அல்பத்திலிருந்து வந்தது என்று குறித்துப் பார்த்தோம். 1977இல் வந்த ‘எக்ஸோடஸ்’இலிருந்து மட்டும் ஐந்து பாட்டு. அந்த இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஐந்து பாட்டு. முதல் பக்கம் முழுக்க ஒடுக்குமுறை, விசுவாசம், புறப்பாடு. இரண்டாம் பக்கம் காதல், ஆட்டம், ஆறுதல். ‘லெஜன்ட்’ இரண்டாம் பக்கத்திலிருந்து நான்கு பாட்டை எடுத்தது, முதல் பக்கத்திலிருந்து தலைப்புப் பாட்டை மட்டும்.

இரண்டு அல்பங்களுக்கு நேரே பூச்சியம் விழுந்தது. ஒன்று, 1976இல் வந்த ‘ரஸ்தாமன் வைப்ரேஷன்’. அதில் ‘வோர்’ என்றொரு பாட்டு இருக்கிறது. எதியோப்பியப் பேரரசர் ஹெய்ல் செலாசி 1963 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் இனவாதத்துக்கு எதிராகப் பேசிய பேச்சைத்தான் கிட்டத்தட்ட அப்படியே பாட்டாக்கியிருக்கிறார்கள். மற்றது, 1979இன் ‘சர்வைவல்’. அட்டை முழுக்க ஆபிரிக்க நாடுகளின் கொடிகள், அதோடு அடிமைகளை அடுக்கி ஏற்றிய கப்பலின் வரைபடம். அதிலுள்ள ‘சிம்பாப்வே’ பாட்டை மார்லி 1980 ஏப்ரல் 17 இரவு அந்த நாட்டின் சுதந்திர விழா மேடையிலேயே பாடினார். அந்தப் பயணத்தின் செலவைத் தானே ஏற்றுக்கொண்டார்.

இதெல்லாம் எப்படி விடுபட்டது? தொகுப்பைச் செய்தவர் அப்போது ஐலண்டை நடத்திய டேவ் றொபின்சன். பிரித்தானியாவின் வெள்ளைக்கார நடுத்தரக் குடும்பங்களுக்கு மார்லியை விற்க வேண்டும் என்பது அவருடைய இலக்கு. அதற்காகச் சந்தை ஆய்வுகூடச் செய்வித்தார். அவர்களைப் பயப்படுத்தாத பாட்டுகள், அமைதியான ஒரு முகப்படம் என்று தெரிவு போனது. ‘கெட் அப், ஸ்டாண்ட் அப்’, ‘றிடெம்ப்ஷன் சோங்’ இரண்டும் உள்ளே இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் மொத்தத்தில் எங்களுக்குக் கிடைத்தவர் கோபம் குறைக்கப்பட்ட ஒரு மார்லி.

இதுவரை நண்பன் சொன்னது சரி. ஆனா “அல்பம்தான் அசல், ஹிட்ஸ் தொகுப்பு வெறும் வியாபாரம்” என்று முடித்துவிட ஏலாது. ஜமைக்காவின் வரலாறு அதற்கு இடம் தராது.

1960களின் கிங்ஸ்டனில் பாட்டு என்றால் அது சிங்கிள்தான், சின்ன 45 சுற்று இசைத்தட்டு. தெருவில் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி ஆட்டம் வைக்கிற சவுண்ட் சிஸ்டம்காரர்கள் அதைப் போடுவார்கள், சனம் ஆடினால் ஹிட். மார்லியின் ‘வெய்லர்ஸ்’ குழுவும் அப்படித்தான் 1964இல் ‘சிம்மர் டவுன்’ மூலம் பெயரெடுத்தது. 1965இல் வந்த அவர்களின் முதல் அல்பமான ‘த வெய்லிங் வெய்லர்ஸ்’கூட, வெவ்வேறு நேரங்களில் பதிவான பாட்டுகளைச் சேர்த்த ஒரு தொகுப்புத்தான். ‘வன் லவ்’ பாட்டின் முதல் வடிவம் இருப்பது அதில்தான். பிறகு அது ‘எக்ஸோடஸ்’இல் திரும்ப வந்தது, அங்கிருந்து ‘லெஜன்ட்’டுக்குப் போனது. அந்தப் பாட்டின் பயணம் தொடங்கியதும் ஒரு தொகுப்பில்தானே!

முழு அல்பமாகச் செய்கிற யோசனை 1972இல் கிறிஸ் பிளக்வெல்லோடு வந்தது. ஐலண்ட் நிறுவனத்தைத் தொடங்கியவரான அவர், 4000 பவுண் முற்பணம் கொடுத்து ஒரு முழு அல்பம் கேட்டார். ஜமைக்காவில் பதிவான ஒலிநாடாக்களை லண்டனில் வைத்து, றொக் கேட்கிறவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி அமெரிக்கக் கலைஞர்களைக் கொண்டு கிற்றாரும் கீபோர்டும் சேர்த்தார். 1973இல் வந்த ‘கெச் எ ஃபயர்’ அப்படி உருவானது. ஆகவே அல்பமும் ஒரு சந்தைக்காகத் தொகுக்கப்பட்டதுதான். இரண்டிலும் யாரோ ஒருவர் கத்தரிக்கோலோடு இருந்திருக்கிறார்.

அப்ப முழு அல்பம் கேட்டதில் எங்களுக்கு என்ன கிடைத்தது? ஒரு உதாரணம் சொல்லுறம். 1976 டிசம்பர் 3இல் மார்லியின் வீட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்து சுட்டார்கள். அவரும் மனைவி ரீட்டாவும் முகாமையாளரும் காயப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவர் மேடையேறிப் பாடினார், பிறகு நாட்டை விட்டுப் போனார். லண்டனில் இருந்து முடித்த அல்பம்தான் ‘எக்ஸோடஸ்’. அதில் ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’ ஒன்பதாவது பாட்டு. முன்னால் இருக்கிற அவ்வளவையும் தாண்டி அந்த இடத்துக்கு வரும்போது, அது சூடு வாங்கின ஒரு மனிதன் தனக்குத்தானே சொல்கிற ஆறுதலாகக் கேட்கிறது. ‘லெஜன்ட்’டில் அது நான்காவது பாட்டு. அங்கே அது கடற்கரைப் பாட்டு. பாட்டு ஒன்றுதான், வரிசை அதை மாற்றிவிடுகிறது.

சரித்திரம் படிக்கிற எங்களுக்கு இது புதுசு இல்லை. சோதனைக்கு முதல்நாள் சீனியர்மாரின் ‘ஷோர்ட் நோட்’டைத்தான் நாங்களும் படிக்கிறோம். அதிலே பிழையில்லை, அது இல்லாவிட்டால் கனபேர் பாஸ் பண்ணியிருக்க மாட்டம். ஆனா நோட் எழுதினவர் எதை விட்டார் என்று ஒருநாளாவது கேட்க வேண்டும்.

எங்கட அறையில் இப்பவும் ‘லெஜன்ட்’தான் ஓடுது. முந்தியை விடக் குறைவாக அதை ரசிக்கிறோம் என்று சொன்னால் அது பொய். நீங்களும் வெட்கப்படாமல் கேளுங்கோ. கேட்டு முடிந்ததும் ‘எக்ஸோடஸ்’இன் முதல் ஐந்து பாட்டையும் வரிசை மாற்றாமல் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. இருபது நிமிஷம்தான்.