கட்டியவரும் காத்தவரும்

மட்டக்களப்பு வாவியின் நடுவே கிடக்கும் புளியந்தீவில், 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டைக்குள்ளேதான், பிற்காலத்து ஆங்கில ஆட்சியின் மாவட்ட அலுவலகமான கச்சேரியும் அமர்ந்து, படுவான்கரை நெல்வயல்களான வட்டைகளின் நீர் வழக்குகளை நெடுங்காலம் விசாரித்து வந்தது. தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில் பிறந்த 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டம், புதுவிதி படைப்பதைக் காட்டிலும், உழவரிடையே வழங்கிய பழைய சம்பிரதாயங்களை அவர்தம் பெரும்பான்மைச் சம்மதத்தோடு உயிர்ப்பிப்பதையே நோக்கமாகக் கொண்டது. வாய்க்காலைத் தூர்வாரியவரே அதன் நீரை முறைவைத்துப் பாய்ச்சுபவராகவும் இருந்தமையால், வட்டைவிதானை என்னும் பாசன அலுவலரின் கண்காணிப்பில், பிழை எங்கு நேர்ந்ததென்று தேடி அலையவேண்டிய அவசியம் பெரிதாக எழவில்லை.

இந்த இணைப்பு அறுந்தது பட்டிப்பளை ஆற்றில், அதாவது கல்லோயாவில். அம்பாறை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில், அணையைக் கட்டியது மொரிசன் நட்சன் என்னும் அமெரிக்கக் கம்பெனி. பின்னர் காத்தவர்கள் அதிகாரிகள். நீரை எதிர்பார்த்திருந்தவர்கள் உழவர்கள். (குடியேற்றத்தின் அரசியற் கசப்பு நம்மவர் நன்கறிந்ததே, இங்கே நீரை மட்டும் பேசுவோம்.) எழுபதுகளின் இறுதிக்குள் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்தன, மதகுகள் உடைந்தன, பொறியியலாளர் உழவரையும், உழவர் பொறியியலாளரையும் குறைகூறிக்கொண்டிருந்தனர்.

கணினி உலகத்தார்க்கு இக்காட்சி புதிதன்று. வங்கி, காப்புறுதி முதலிய பழைய ஸ்தாபனங்களில் நிரலை எழுதுவோர் ஒரு பகுதியார், அதை இரவுபகலாக ஓட்டிக் காப்போர் வேறொரு பகுதியார். முன்னவர்க்கு மாற்றம் செய்வதே கடமை, பின்னவர்க்கோ மாற்றம் என்றாலே அச்சம். 2009இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பாட்ரிக் டெபுவா கூட்டிய மகாநாட்டிலிருந்து 'டெவ்ஆப்ஸ்' என்ற பெயரால் பரவிய முறை, இவ்விரு பகுதியாரையும் ஒரே பொறுப்பில் நிறுத்தி, மாற்றங்களைச் சிறிது சிறிதாக, அடிக்கடி, தானியங்கிச் சோதனைகளின் துணையோடு வெளியிடச் சொன்னது. அதைத் தழுவிய பழைய ஸ்தாபனங்களுட் சில, கருவிகளை விலைக்கு வாங்கி, அவற்றைக் காக்க மூன்றாவதொரு குழுவையும் நியமித்து, ஒரு சுவர் இருந்த இடத்தில் இரண்டு சுவர்களை எழுப்பிக்கொண்டன.

கல்லோயாவில் நடந்தது வேறு. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து பயிற்றிய இளைஞர்கள், 1981இல், நீர்த்தேக்கம் கால்வாசியே நிரம்பியிருந்த நெருக்கடியில் கிராமங்களிற் குடியமர்ந்து, ஒரே வயல்வாய்க்காலை நம்பியிருந்த சில உழவர்களை மட்டும் முதலிற் கூட்டினர். எவருடைய அனுமதியும் பணமும் வேண்டாத தூர்வாரலே முதல் வேலை, பின்பு முறைநீர், அதன் பின்பே பொறியியலாளரோடு வாய்க்காற் கரையில் நடந்து, எங்கே மதகு வேண்டும், எங்கே வேண்டாம் என்று பேசும் உரிமை. மேல்மடைச் சிங்கள உழவர் சேமித்த நீர் கடைமடைத் தமிழ் உழவர்க்கும் சென்றது என்பதை, அக்கால அரசியலை நினைப்போர் எளிதில் நம்பமாட்டார்.

வட்டைவிதானைப் பதவியை 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் ஒழித்து முப்பதாண்டு சென்றபின், உழவரும் பங்குகொண்டு நடத்தும் பாசனமே பெருந்திட்டங்களுக்கு உரியதென்று, 1988இல் அரசாங்கம் அதனைத் தன் கொள்கையாக அறிவித்தது.