கிழங்குத் திருட்டும் ஊர் நீதியும்: 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சிற்றூர்களில், வயலில் நிற்கும் டர்னிப் கிழங்கைப் பிடுங்கிச் செல்வது ஒரு குற்றம். பிடுங்கிக் குவித்த கிழங்கை எடுத்துச் செல்வது வேறொரு குற்றம். ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி வேரூன்றிய பயிர் நிலத்தின் ஒரு கூறாகும். நிலத்தைத் திருட இயலாது. ஆகவே பயிரையும் திருட இயலாது. இவ்வோட்டையை நாடாளுமன்றம் தனிச் சட்டங்களால் அடைத்தது. தோட்டமல்லாத வெளிநிலத்தில் வளரும் உணவுக் கிழங்கைத் திருடியவருக்கு 20 ஷில்லிங் வரை அபராதம் விதிக்கும் அதிகாரத்தை, 1827ஆம் ஆண்டுச் சட்டம் சமாதான நீதவான் ஒருவருக்கே வழங்கியது. செலுத்தத் தவறினால் சிறை.

இத்தொகையைக் கூலியோடு ஒப்பிட்டே நோக்க வேண்டும். 1850-51இல் வேளாண்மை நிலையை ஆராய்ந்த ஜேம்ஸ் கேர்ட், தென் மாவட்டங்களில் உழவுத் தொழிலாளியின் சராசரி வாரக்கூலி எட்டரை ஷில்லிங்கிற்குச் சற்றுக் குறைவு என்றார். அபராதத்தின் உச்சவரம்பு, இரு வாரக் கூலியினும் மிகுதி. பலருக்கு அது சிறைத் தண்டனையாகவே முடிந்திருக்கும்.

ஊர்ப்புற நீதவான்கள் ஊதியம் பெறாத நிலக்கிழார்கள். அவர்களுள் திருச்சபைக் குருமாரும் இருந்தனர். விசாரணை அவர்தம் இல்லத்திலோ சத்திரத்திலோ நிகழ்வதுண்டு. வழக்குத் தொடுத்தவர் நீதவானின் குத்தகையாளராகவும் இருக்கலாம். எனினும் இதனை வர்க்க நீதி என்று மட்டும் கூறி முடித்துவிட இயலாது. வழக்கைத் தொடுப்பதும் அதன் செலவை ஏற்பதும் பெரும்பாலும் பொருளை இழந்தவரின் பொறுப்பாகவே இருந்தன. ஆதலால் கண்டித்து விடுவதும் வேலையை விட்டு நீக்குவதுமே பல பண்ணையாளர்க்கு எளிய வழிகளாயின. ஆவணத்தில் ஏறாத இத்தீர்ப்புகளையும் கருதாமல் தண்டனைப் பதிவேடுகளை மட்டும் எண்ணுவது பிழையான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

ரொட்டி, இறைச்சி போன்றவற்றின் திருட்டு, ஆண்டுக்கு நான்கு முறை கூடும் காலாண்டு மன்றத்திற்குச் சென்றது. சிறுவனும் விசாரணைக்கு முன்பே வாரக்கணக்கில் சிறையில் கிடக்க நேர்ந்தது. 1847ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதிற்குட்பட்டோரின் சிறு திருட்டுகளை நீதவான்களே விசாரிக்க வகை செய்தது. 1855ஆம் ஆண்டுச் சட்டம், குற்றஞ்சாட்டப்பட்டவர் இசைந்தால், 5 ஷில்லிங்கிற்கு மிகாத திருட்டை அவ்வாறே முடிக்க இடமளித்தது. அவ்வழியில் உச்சத் தண்டனை மூன்று மாதச் சிறை.

இசைந்தவர் ஜூரி விசாரணையை இழந்தார். ஆயினும் 1825ஆம் ஆண்டுச் சட்டம் ஜூரிகளுக்குச் சொத்துத் தகுதியை விதித்திருந்தது. உழவுத் தொழிலாளர் அதனைப் பெறுவது அரிது. காலாண்டு மன்றத்திலும் அவரைத் தீர்ப்பிட அமர்ந்தோர் பெரும்பாலும் பண்ணையாளரும் வணிகருமே.