கர்துங் லா

கர்துங் லா என்பது இந்தியாவின் லடாக் ஒன்றியப் பகுதியில், லே நகருக்கு வடக்கே அமைந்துள்ள ஒரு மலைக் கணவாய் ஆகும். திபெத்திய மொழியில் "லா" என்பதற்கே கணவாய் என்பது பொருள்; ஆகவே "கர்துங் லா கணவாய்" என்பது கூறியது கூறலாகும். லே நகரையும் நூப்ரா பள்ளத்தாக்கின் குளிர் பாலைவனத்தையும் இணைக்கும் சாலை இதன் வழியே செல்கிறது. 1976இல் அமைக்கப்பட்ட இச்சாலை, 1988இல் பொதுமக்களின் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

உயரம்

கணவாயின் உச்சியில் வைக்கப்பட்ட பலகைகள் இதன் உயரத்தை 18,380 அடி (5,602 மீ) எனக் குறிப்பிட்டு, உலகிலேயே மிக உயரமான வாகனச் சாலை என்றும் அறிவித்தன. பலரும் இதனை அப்படியே எடுத்தாண்டனர். ஆனால், செயற்கைக்கோள்வழி அளவீடுகளின்படி உயரம் ஏறத்தாழ 5,359 மீ மட்டுமே. எனினும் இது தொட்டபெட்டாவைப் போல் இரு மடங்கு உயரமாகும். லடாக்கிலேயே உள்ள உம்லிங் லா சாலை (5,798 மீ) இதனினும் உயரமானது.

பயணம்

சுமார் 3,500 மீ உயரத்திலுள்ள லேயிலிருந்து ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவுக்குள் 1,800 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியளவே இருப்பதால் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் ஆகியவை ஏற்படலாம். சமவெளியிலிருந்து வானூர்தியில் வந்திறங்குவோர் லேயில் சில நாட்கள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்ளாமல் புறப்படுவது ஆபத்தானது. உயர்மலை நோய் முற்றினால் உயிரிழப்பும் நேரலாம். உடனே தாழ்வான இடத்திற்கு இறங்குவதே முதன்மையான தீர்வு.

கணவாய்க்கு அப்பால் சாலை கர்துங் சிற்றூர் வழியாகச் சியோக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, திஸ்கித், ஹுந்தர் ஆகிய ஊர்களை அடைகிறது. இமயமலை பருவமழையைத் தடுத்துவிடுவதால் இப்பகுதி மழை மறைவுப் பாலைவனமாக உள்ளது. ஹுந்தர் மணல்மேடுகளில் காணப்படும் இரட்டைத் திமில் ஒட்டகங்கள், முற்காலத்தில் நடு ஆசியாவுடன் நடைபெற்ற வணிகத்தின் எச்சமாகும்.