தாயின் இரத்தம் வெளுத்த கதை



பிள்ளைத்தாய்ச்சியின் முகம் வெளுத்து, கால் வீங்கி, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கினால், அதற்கு நம் தோட்டத்து லயங்களில் பல காரணங்கள் சொல்லப்பட்டதுண்டு. கண்ணேறு என்பார் சிலர். காற்றுக் கருப்பு என்பார் வேறு சிலர். "பிள்ளை உண்டானால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களே அதிகம். இந்தக் கடைசிச் சொல்தான் மற்றவற்றை விடக் கேடு செய்தது என்பது நம் கருத்து. அது இயற்கைதான் என்று முடிவு கட்டிவிட்டால், காரணத்தைத் தேட வேண்டியதே இல்லையல்லவா?

மருத்துவர்களும் வெகுகாலம் இப்படித்தான் இருந்தார்கள். 1842ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் வால்ட்டர் சானிங், பேறுகாலத்தில் இரத்தம் வற்றி வெளுத்துப்போகும் பெண்களைப் பற்றி எழுதினார். காரணம் விளங்கப் பல காலம் ஆயிற்று. ஏனென்றால் காரணம் ஒன்றல்ல.

முதலாவது, இரும்புச்சத்து. இரத்தத்திற்குச் சிவப்பு நிறம் கொடுப்பது அதுதான். ஒரு பேறுகாலம் முழுவதற்கும் தாய்க்கும் சேய்க்குமாக ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஒரு கிராம்தானே என்று தோன்றும். ஆனால் நம் குடல் சாதாரணமாக ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். கையிருப்பு இல்லாமல் கருத்தரித்தவளுக்கு, அடுத்தடுத்துப் பெற்றவளுக்கு, கணக்கு எப்படி நேராகும்? சாம்பலையும் மண்ணையும் தின்னத் தோன்றும் ஆசையைக்கூட மசக்கை என்று சிரித்து விட்டுவிடக் கூடாது. இரும்புக் குறைவிலும் அந்த ஆசை வருவதுண்டு.

இருக்கிற இரும்பையும் திருடிய கள்ளன் ஒருவன் நம் ரப்பர்க் காடுகளில் இருந்தான். அவன் பெயர் கொக்கிப்புழு. குடலைக் கவ்விக்கொண்டு நாள்தோறும் இரத்தம் குடிப்பவன். அவன் எந்த வழியாக உடம்புக்குள் வருகிறான் என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. 1898இல் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞரின் கையில் புழுக்குஞ்சுகள் கலந்த நீர் சிந்தியது. அந்த இடம் அரித்தது. சில வாரங்களில் அவர் வயிற்றிலேயே புழு இருப்பது தெரியவந்தது. தோலைத் துளைத்தே நுழைகிறது! இனி நம் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். மரநிழல், ஈர மண், கழிப்பிட வசதி இல்லாத லயம், விடியுமுன் வெறுங்காலோடு பால்வெட்டப் போகும் பெண். 1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் அனுப்பிய டார்லிங் குழுவினர் மலாயாவில் தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதித்து, கொக்கிப்புழுவும் மலேரியாவும் அதை எவ்வளவு குறைக்கின்றன என்று ஆராய்ந்தார்கள்.

மலேரியா சிவப்பணுக்களையே உடைத்துவிடும். கர்ப்பிணிகளை அது இன்னும் கடுமையாகப் பிடிக்கும். 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார். காய்ச்சல் குறைந்தது. ஆனால் மேட்டுநிலத் தோட்டங்களில் வேறு கதை. அங்கே காட்டை அழித்ததும் வெயில் பட்ட ஓடைகளில் வேறொரு கொசு பெருகியது. காட்டை வெட்டிய கூலிக்கு அந்த உழைப்பே காய்ச்சலைக் கொண்டுவந்து சேர்த்தது.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஒரு புதிர் மிஞ்சியது. இரும்பு கொடுத்தும் தேறாத தாய்மார்கள் இருந்தார்கள். அதை அவிழ்த்தவர் ஒரு பெண்மணி. இங்கிலாந்தில் 1888இல் பிறந்த லூசி வில்ஸ், 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளைக் கொடிய சோகை வாட்டிக்கொண்டிருந்தது. கிருமி உண்டா என்று தேடினார், கிட்டவில்லை. அதன் பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்! பழம், காய்கறி, பால், இறைச்சி எல்லாம் அரிதாயிருந்த வீடுகளில் சோகை மிகுந்திருந்தது. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையில் பெண்களுக்கான ஓர் அரசு மருத்துவமனையிலும் அவர் ஆய்வு செய்தார். குரங்குகளுக்கு அதே குறை உணவைக் கொடுத்துச் சோகை உண்டாக்கினார். பிறகு 'மார்மைட்' கொடுத்தார். நம் கடைகளிலும் கிடைக்கும் அதே கருநிற ஈஸ்ட் சாறுதான். குரங்குகள் தேறின, தாய்மார்களும் தேறினார்கள். 1931இல் இதை வெளியிட்டார்.

மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள் எது? 1941இல் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945இல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டியது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடம். அங்கே ஆய்வுகளை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த தெலுங்கர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புழுங்கலரிசி உண்டதால் நம்மவர்கள் பெரிபெரி நோயிலிருந்து பெரும்பாலும் தப்பினார்கள். இதனால் நம் சோறே போதும் என்று நினைத்தவர்கள் உண்டு. இரத்தத்திற்கு அது போதாது. போலிக் அமிலம் வேலியோரத்து முருங்கையிலும் பசளியிலும் இருந்தது. நெடுநேரம் கொதிக்கவிட்டு நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

இன்று கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்து, ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்று எச்சரிக்கிறார்கள். இரும்பு மாத்திரையும் போலிக் அமில மாத்திரையும் தருகிறார்கள். மாத்திரை தின்றும் ஏறாவிட்டால், பெற்றோர் வழி வரும் தலசீமியா உண்டா என்றும் பார்ப்பார்கள். ஆனால் அந்த இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் குடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சம்பழச் சாறோ கொய்யாவோ அதைச் சேர்த்துவிடும். தேநீரை ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.