மூங்கிற் கூடையும் மலையகமும்

மூங்கிலை மரமென்று கொள்வது உலக வழக்கு. ஆயின், புறத்தே வன்மையுடையவற்றைப் புல்லென வகுத்தது தொல்காப்பிய மரபியல். இக்காலத் தாவரவியலும் மூங்கிலைப் புல்லினத்துள்ளேயே அடக்குகின்றது. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் மகாவலிக் கரையோரம் 30 மீற்றர் அளவுக்கு ஓங்கி நிற்கும் இராட்சத மூங்கிலைக் கண்டோர் அதனைப் புல்லென ஏற்கத் தயங்குவர். மழைக்காலத்தில் அதன் முளை ஒரே நாளில் ஓரடிக்கு மேலும் உயர்வதுண்டு. வேய், கழை, அமை, பணை எனப் பல பெயரிட்டு வழங்கிய தமிழர், மூங்கிலினின்றும் குழலும் ஏணியும் முறமும் கூடையும் ஆக்கிக்கொண்டனர். அதன் அரிசியையும் உண்டனர்.

நுவரெலியாவை அடுத்த உயர்நிலங்களுக்கும் மூங்கில் புதியதன்று. ஹோட்டன் சமவெளியின் ஓடைக்கரைகளில் குறுமூங்கில் இன்றும் அடர்ந்து காணப்படுகின்றது. மலைக்காடுகளில் பெருமரங்களின் கீழும் அதன் இனங்கள் வளர்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் முதலிற் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் அக்காடுகள் பெருமளவில் வெட்டி எரிக்கப்பட்டன. காட்டோடு மூங்கிற் புதரும் அழிந்தது. பின்னர், தேயிலையைப் பேணத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டோரின் முதுகிலே கூடையாக மூங்கில் மீண்டும் மலையேறியது.

பிளந்து சீவிய பிளாச்சுகளால் முடையப்பெற்றது அக்கூடை. கயிறு தலையிற் பதிய, கூடை முதுகில் தொங்க, இரு கைகளும் கொழுந்தெடுப்பதற்கு விடுபட்டிருக்கும். கொய்த பின்னும் கொழுந்து உயிர்ப்பு நீங்காதது. சுவாசித்து வெப்பத்தை வெளிவிடுவது. காற்றுப் புகாத பையில் அழுத்தி வைத்தால் அது சூடேறிச் சிவந்து, தொழிற்சாலையை அடையுமுன்பே கெட்டுவிடும். கூடைப் பின்னலின் இடைவெளிகள் அவ்வெப்பத்தைப் போக்கின. பாரமின்மை, வளையுந்தன்மை, காற்றோட்டம் ஆகியன ஒருங்கே அமைந்த பொருள் அக்காலத்தில் எளிதிற் கிடைக்கக்கூடியதாய் வேறொன்று இருந்திராது.

ஆயினும், கூடையின் கதை அதன் பயனோடு முடிவதில்லை. நிறுவையின்போது கூடையின் நிறைக்கெனவும் இலையிற் படிந்த நீருக்கெனவும் ஒரு பகுதியைக் கழித்தெழுதுவது தோட்டத்து வழக்கம். மழையில் நனைந்த மூங்கில் நிறை கூடும் என்பது உண்மையே. ஆனால் கழிவின் அளவைப் பெரும்பாலும் கணக்கெழுதுவோரே தீர்மானித்தனர். கொழுந்தெடுத்த பெண் தராசைப் பார்த்தும் பயனில்லை. குறித்த நிறையை எட்டாத நாளில் முழுப்பேர் கிடையாது, அரைப்பேரே. ஆகவே வெறுங்கூடையின் நிறையும் ஒருத்தியின் அன்றைய கூலியைத் தீர்மானிக்கும் பொருளாயிற்று. தோட்டத் தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் குடியுரிமையையும் தொழிற்சங்கத்தையும் விரித்துரைத்த அளவுக்கு இச்சிறு கழிவை ஆராய்ந்திலர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. அந்நாட் கழிவு அற்பமே. ஓர் ஆயுட்காலத்து உழைப்பில் அஃது எத்தனை நாட் கூலியாகும் என்பதே கணக்கிடற்குரியது.

இன்று பல தோட்டங்களில் கூடையின் இடத்தைச் சாக்கும் துணிப்பையும் பிடித்துள்ளன. அவை மலிவானவை, பாரங்குறைந்தவை. மூங்கிற் கூடை தேயிலை விளம்பரங்களிலும் சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் படங்களிலும் எஞ்சியுள்ளது. நிறுவையிடத்துக் கழிவோ பல இடங்களிற் சாக்கின் பெயரால் இன்றும் எழுதப்படுகின்றது.